பெயரில்லாத செலவு

அத்தியாயம் ஐந்து

"கடையில ஒருத்தன் சாயா குடிச்சாலும் எனக்க போன்ல வரணும் மோளே. குடிச்சவனுக்க பேரு வரணும், சாயாவுக்க படமும் வரணும்."

"வரும் சார். நீங்க குடிக்கிற சாயா?"

"எனக்க கடையில நான் குடிக்கதுக்கு எவன்கிட்ட பேரு சொல்லணும்? எனக்க செலவுக்குப் பேரும் வேண்டாம், படமும் வேண்டாம். தொகை மட்டும் போதும்."

"பின்னால கணக்குப் பாக்கும்போ கஷ்டமா இருக்கும் சார்."

"இங்க முதலாளி நானா, நீயா?"

இரண்டு வருடத்துக்கு முன் தன் முதல் வாடிக்கையாளரோடு நடந்த இந்தப் பேச்சை ஜிஷா ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து முடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தாணம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யாராவது தன் முட்டாள்தனத்தை வாக்குமூலமாகவே கொடுத்துவிட்டால் அவளுக்குக் கண்ணாடி துடைக்கத் தோன்றும்.

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே, காய்கறிக் கடைகளுக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய விசாரணை நிலையம். பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். பையன் குடிப்பானா, பெண் படித்தது உண்மையா, துபாயில் வேலை என்றால் என்ன வேலை. மாவட்டத்தில் பாதிக் கல்யாணங்கள் தாணம்மாள் சொல்லி நடந்தவை. மீதிப் பாதி அவள் எவ்வளவோ சொல்லியும் நடந்தவை. அவளுக்கு ஒரே உதவியாளன் பெனின். குளச்சல்காரன். பொறியியல் படிப்பில் சில தாள்கள் பாக்கி. அவை தாமாகத் தேடி வந்து தன்னை ஜெயிக்க வைக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பவன்.

ஜிஷா புதுக்கடை என்ற ஊர்க்காரி. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, சந்தை முக்கில் ஒரு அறை எடுத்து, கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் ஆப் செய்து கொடுக்கிறாள். சரக்கு வாங்கவேண்டும் என்றால் ஊழியர் போனிலேயே கேட்க வேண்டும். முதலாளி போனிலேயே சரி என்று சொல்ல வேண்டும். செலவு செய்தால் படம் எடுத்துப் போட வேண்டும். அவளுடைய முதல் வாடிக்கையாளர் குளச்சல் சகாயம் முதலாளி. வலை, கயிறு, மிதவை, எஞ்சின் சாமான் என்று மூன்று ஊர்களில் கடை வைத்திருப்பவர்.

இப்போது ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முதலாளியின் சொந்தக் கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலாக, 'சில்லறை' என்று தினமும் ஒரே தொகை ரொக்கமாகப் போயிருக்கிறதே, அது என்ன? சகாயம் மாதா மேல் சத்தியமாகத் தான் எடுக்கவில்லை என்றார். அந்தக் கணக்குக்குள் நுழையக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர். இன்னொன்று, ஆப்பைச் செய்த ஜிஷா.

இன்று மாலை ஆறு மணிக்கு வலை வியாபாரிகள் சங்கக் கூட்டம். அங்கே எழுந்து நின்று அவளைத் திருடி என்று சொல்லப் போவதாகச் சகாயம் அறிவித்துவிட்டார். ஜிஷாவின் ஆப்பை வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் அந்த ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக் காலையில் அவள் அந்தப் புதுக்கடை அறையைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நீ எடுத்தியா பிள்ள?" என்று தாணம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா."

"அவரும் இல்லைன்னு மாதா மேல சத்தியம் பண்ணுகாரு."

"அப்பம் இனி மாதாவத்தான் சாட்சிக்கு விளிக்கணும்" என்றான் பெனின்.

தாணம்மாள் அவனைக் கவனிக்காமல் ஜிஷாவின் போனை வாங்கி அந்தச் 'சில்லறை'களை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நாள் தவறாமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகூட உண்டு. ஆனால் பிப்ரவரி நடுவில் திடீரென்று ஆள் மெலிந்துபோன மாதிரி வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடி பழைய உடம்பு வந்துவிட்டது. சர்வரில் கோளாறா என்று தானும் பார்த்ததாகவும், ஒன்றும் இல்லை என்றும் ஜிஷா சொன்னாள்.

பெனின் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகத்தில் தன் சொந்தக்காரனை ரயிலில் பார்த்துவிட்ட மாதிரி ஒரு மலர்ச்சி.

"அக்கா, இது எனக்க மாட்டுக்கறிக் கணக்குலா."

என்ன உளறுகிறாய் என்று கேட்டதற்கு அவன் விளக்கினான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவக்காலத்துக்கு அவன் புரோட்டாவும் மாட்டுக்கறியும் விட்டிருந்தான். நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்று விட்டு, ஈஸ்டருக்குத் திரும்பவும் பிடித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்த நாள். அது நோன்புக் கணக்கில் வராது. ஞானோபதேச வகுப்பில் அவன் கவனித்துக் கேட்ட ஒரே பாடம் அது. அதனால் ஞாயிறுதோறும், வாரம் முழுக்கத் தின்னாததையும் சேர்த்துத் தின்றிருக்கிறான்.

தாணம்மாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். சாம்பல் புதனன்று நின்றிருந்தது. நடுவில் இருந்த ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர் அன்று மறுபடி தொடங்கியிருந்தது.

"தவக்காலத்துக்குத் திருட்ட விட்ட திருடன இந்த வயசுலதான் பாக்கேன்" என்றாள். "நீ எந்தக் கோயிலு பிள்ள?"

ஜிஷா பெந்தெகொஸ்தே சபை. அங்கே தவக்காலம் என்ற ஒன்றே கிடையாது. பெரிய வெள்ளியன்று மத்தியானம் அவள் கோழி பிரியாணி தின்றிருக்கிறாள். ரசீது இருக்கிறதா என்று பெனின் கேட்க, தன்னுடைய ஆப்பில் படத்தோடு போட்டு வைத்திருப்பதாக அவள் உண்மையாகவே எடுத்துக் காட்டினாள்.

"அப்பம் நீ இல்ல" என்று தாணம்மாள் எழுந்து குடையை எடுத்தாள். "குளச்சல் பஸ் எப்பம்?"

*

சகாயம் முதலாளியின் குளச்சல் கடையில் கூரையிலிருந்து தரை வரைக்கும் புது நைலான் வலைகள் தொங்கின. அவற்றின் நடுவே, தானே விரித்த வலைக்குள் வசதியாக உட்கார்ந்த பெரிய மீன் போல, அவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நான்கு கேமராத் திரைகள். கையில் அந்த வருடத்தின் விலை உயர்ந்த போன். பேச்சில் மூச்சுக்கு ஒருமுறை 'சிஸ்டம்'.

ஜிஷாவைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திரைகள் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண்பிள்ளையை நம்பிச் சிஸ்டத்தை ஒப்படைத்த தன் பெருந்தன்மையைப் பற்றித் தாணம்மாளுக்குக் கொஞ்ச நேரம் விளக்கினார். காலையிலிருந்து சங்கத்தில் பாதிப்பேருக்கு இதைப் போனில் விளக்கியாயிற்று என்றும் சொன்னார்.

போனது ரொக்கம் என்று ஆடிட்டர் சொல்கிறாரே, ரொக்கத்தை ஜிஷா எப்படி எடுத்திருக்க முடியும் என்று தாணம்மாள் கேட்டாள்.

"இப்பம் பணம் கையில போவாது, காத்துல போவும்" என்றார் சகாயம்.

"நோட்டும் காத்துலயா போவும்?"

சகாயம் சற்று யோசித்தார். அதுதான் அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம் என்றார்.

தாணம்மாள் பேச்சை மாற்றினாள். முதலாளிக்கு மூட்டுவலி என்று கேள்விப்பட்டேனே, தவக்காலத்தில் ஒறுத்தல் எல்லாம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவில்லையே என்று விசாரித்தாள். உடம்பைப் பற்றிக் கேட்டதும் சகாயம் மனம் திறந்தார். அவருக்கு டாக்டர் தினமும் ஆட்டுக்கால் சூப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். தவக்காலம் முழுவதும் குடித்தார். பெரிய வெள்ளியன்றும் குடித்தார், சிலுவைப்பாதைக்குப் போய் வந்த அலுப்புக்கு இரண்டு கோப்பையாக. ஞாயிறு, திங்கள் என்ற பேதமெல்லாம் அவருடைய மூட்டுக்குக் கிடையாது.

"ஒண்ணுமே விடலியா முதலாளி?" என்று பெனின் கவலையோடு கேட்டான்.

"டாக்டரு சொன்னத சாமியாரு மறுக்கப்பிடாதுலா."

வெளியே வந்து வலைகளுக்கு நடுவில் நின்றதும் பெனின் தாணம்மாளின் காதருகே குனிந்தான். "ரெண்டு பேரையும் விட்டாச்சு. இனி பாக்கி நானும் நீங்களும்தான். நான் தவக்காலம் இருந்தவன் வேற."

"வாய மூடிட்டு அந்தக் கேஷியர்கிட்ட போ. அஞ்சு மணி தாண்டினதுக்குப் பிறகு, புதுக்கடைக் கடைக்குக் கயிறு வேணும்னு அந்த ஆப்ல ஒரு கோரிக்கை போடச் சொல்லு. பொய்யாத்தான். பொறுப்பு எனக்கது."

அவள் மட்டும் திரும்ப உள்ளே போனாள். முதலாளியின் போன் அப்போதே ஒருமுறை ஒலித்தது. வடசேரிக் கடையிலிருந்து ஏதோ ஒரு சின்னச் செலவு. எப்படி அதற்குச் சரி சொல்கிறார்கள் என்று தான் பார்த்ததே இல்லை, காட்ட முடியுமா என்று தாணம்மாள் ஆசையாகக் கேட்டாள். சகாயம் போனைக் கை நீளும் தூரத்துக்கு நீட்டினார். பக்கத்தில் கொண்டுவந்தார். கட்டைவிரலால் ஒரு இடத்தில் அமுக்க, கேமரா திறந்து அவருடைய மூக்கைக் காட்டியது.

சிக்னல் இல்லை என்றார். பிறகு, கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். அது அவருடைய சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவசரத்தில் பார்க்கிற காரியமில்லை. சாயங்காலம் செபமாலை முடிந்த பிறகு வீட்டில் வைத்து, ஆற அமரப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வாரக் கணக்கு முழுவதையும் பார்ப்பார்.

"எனக்க கையைத் தவிர வேற ஒரு கை இந்த போன்ல பட்டதில்ல" என்றார்.

அன்றன்று வசூலாகும் ரொக்கம் எங்கே போகும் என்று தாணம்மாள் கடைசியாகக் கேட்டாள். தோல்பையில் வீட்டுக்குப் போகும், பீரோவில் இருக்கும், மறுநாள் பாங்கு. பீரோச் சாவி மனைவி ஆக்னெஸிடம்.

"அவளுக்கு இதொண்ணும் தெரியாது" என்று அவரே சேர்த்துக்கொண்டார். "பி.காம் படிச்சவதான். ஆனா வீட்டுலலா இருக்கா."

தாணம்மாள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு, முதலாளி வீட்டில் ஒரு சாயா கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். சகாயம் உடனே சம்மதித்தார். வீட்டுச் சாயாவுக்கு யாரும் படம் எடுத்துப் போட வேண்டியதில்லை.

*

வீட்டில் சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. சகாயம் வெள்ளை வேட்டி சட்டைக்கு மாறி, கூட்டத்துக்குத் தயாராகச் சோபாவில் உட்கார்ந்தார். ஜிஷா ஓரத்து நாற்காலியில், இரண்டு கைகளையும் பைக்குள் நுழைத்துக்கொண்டு இருந்தாள். 

ஆக்னெஸ் சாயாக் கெண்டியும் நேந்திரங்காய் வறுவலான ஏத்தங்காய் வத்தலும் கொண்டு வந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது, மாநிறம், நெற்றியில் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தாள். வந்திருப்பது யார், எதற்காக என்று கணவர் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜிஷாவின் தம்ளரில் மட்டும் சர்க்கரை கொஞ்சம் கூடப் போட்டாள். பெண் வெளிறிப் போயிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது போலும்.

சங்கத்தில் பேசப் போவதை முதலாளி எங்களுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டலாமே என்று தாணம்மாள் கேட்டுக்கொண்டாள். சகாயம் தொண்டையைச் செருமினார். தன் வியாபாரம் வளர்ந்த கதையில் தொடங்கினார். சிஸ்டத்துக்கு வந்தார்.

"...எனக்க போன என்னத் தவிர ஒருத்தரும் தொட்டதில்ல. பெத்த பிள்ளை தொட்டதில்ல. கட்டினவ தொட்டதில்ல. இப்படி உள்ள ஒரு சிஸ்டத்துல..."

போன் ஒலித்தது.

சகாயம் பேச்சை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வலது கை மட்டும் போனை எடுத்துத் தானாகப் பக்கவாட்டில் நீட்டியது. ஆக்னெஸ் கெண்டியை இடக்கைக்கு மாற்றினாள். நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். சேலைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு, போனை வாங்கி, மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் தொட்டாள். திருப்பிக் கொடுத்தாள்.

"புதுக்கடைக்குக் கயிறு கேட்டிருக்கானுவோ. போன வாரந்தான் போச்சு. வேண்டாம்னு போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பெனினின் தம்ளரை நிரப்பத் தொடங்கினாள்.

சகாயத்தின் பேச்சு நடுவில் நின்றுவிட்டது. நீட்டிய கை இன்னும் மடங்கவில்லை. 

"முதலாளி" என்றான் பெனின், மிகுந்த மரியாதையோடு. "இந்தக் கை ஆருக்க கை?"

தாணம்மாள் ஆக்னெஸைப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். பெயரில்லாத சில்லறை, ஆடிட்டரின் கேள்வி, ஆறு மணிக் கூட்டம், அதில் திருடி என்று சொல்லப்படப் போகிற இந்தப் பெண். சுருக்கமாகச் சொன்னாள். ஆக்னெஸ் கெண்டியை மேசையில் வைத்தாள். அவர்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லப்பிடாது. எடுத்தது நான்" என்றாள்.

அவள் எதையும் மறைக்கவில்லை. ஆப் வந்த முதல் வாரமே, செபமாலை முடிந்ததும் கணவர் போனை அவள் மடியில் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். அன்று முதல் மூன்று கடைகளின் கொள்முதலும் செலவும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகின்றன. எந்தக் கடையில் எது தீர்ந்தது, எவன் ஒரே பில்லை இரண்டு முறை போடுகிறான் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் கடையில் வலை பின்னுகிற பெண்களின் கூலி திரையில் வந்தது. அதற்கும் அவள்தான் சரி போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் அதே கூலியை, பேரும் படமும் கேட்காத கணவர் கணக்கில் 'சில்லறை' என்று தனக்கும் எழுதி, தோல்பையிலிருந்து எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"எழுதாம எடுத்தாத்தானே திருட்டு?" என்றாள். "தவக்காலத்துக்கு அதையும் ஆண்டவருக்கு விட்டேன். வேற விடுகதுக்கு எனக்குன்னு என்ன இருக்கு?"

சகாயம் மெதுவாகக் கையை மடக்கினார். உனக்கு இந்த வீட்டில் என்ன குறை என்று கேட்டார். போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலையைச் சொன்னார், அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு எடுத்த வளையலைச் சொன்னார். ஆக்னெஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் உண்மைதான் என்கிற மாதிரி.

கடைசியில் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். நடந்தது நடந்துவிட்டது. கூட்டத்தில் இதைப் பற்றி இனி அவர் வாயே திறக்க மாட்டார். ஜிஷாவும் இதைப் பெரிதாக்காமல் வீட்டுக்குப் போகலாம்.

ஜிஷா பையிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

"அது போதாது சார். காலையிலயே பாதிப்பேருகிட்ட சொல்லிட்டீங்க. நான் எடுக்கலைன்னும் நீங்கதான் சொல்லணும். எல்லாரும் கேக்க."

"பின்ன ஆரு எடுத்தான்னு கேப்பானுவளே. என்னத்த சொல்ல? எனக்க பெஞ்சாதி எடுத்தான்னா?"

வேறு வீட்டுப் பெண் ஒருத்தியைத் திருடி என்று சொல்லக் காலையிலிருந்து சுழன்ற நாக்கு, சொந்த மனைவி என்றதும் வாய்க்குள் ஒட்டிக்கொண்டது. யாரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. தாணம்மாள் வத்தலைக் கடித்தாள்.  கடிகாரம் ஆறை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கணக்குப் பாக்கதுக்குக் கம்பெனியில எடுத்த சம்பளம்னு சொல்லுங்கோ" என்றாள் ஆக்னெஸ்.

"நீ எப்பம் கம்பெனியில வேலைக்குச் சேந்த?"

 கல்யாணமான வருடம், இந்த வியாபாரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் கதவுக் கடையாக இருந்தபோது, கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தவள் அவள்தான். மூத்தவன் பிறந்தபோது கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. இரண்டாவது கடை திறந்தபோது கேட்கலாம் என்று இருந்தாள், மாமியார் படுத்துவிட்டாள். மூன்றாவது கடை திறந்தபோது கேட்கலாம் என்று இருந்தாள். முதலாளி வீட்டுப் பெண் கல்லாவில் இருந்தால் நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்று அவர் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. பிறகு பிள்ளைகளும் படித்து வெளியே போய்விட்டார்கள். எத்தனையோ சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அது நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. அவர் டி.வி.யில் இருந்து தலையைத் திருப்பினால் கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது அவர் தலையைத் திருப்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்னெஸ் எழுந்து நின்றாள்.  

"இஞ்சேருங்கோ" என்றாள். "எனக்குக் கடையில ஒரு வேலை தாங்கோ. சம்பளம் உள்ள வேலை. எனக்க பேர்ல."